கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஜொகூர் பாருவில் கணினியும் கைத்தொலைபேசியும் வாங்க விரும்புவோர் நெடுங்காலமாகத் தேடிச் செல்லும் இடங்களுள் ஹாலிடே பிளாசாவும் ஒன்று. அத்தகைய கடைத்தொகுதிகளில் விளையாட்டுக் கணினிகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். பெட்டியின் ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே வானவில் நிறங்களில் சுழலும் விசிறிகள். முன்புறம் ஒட்டப்பட்ட விவரத்தாளில் நான்கே வரிகள் இருக்கும்: "கோர் ஐ7, நினைவகம் 16 ஜிபி, வரைகலை அட்டை 4 ஜிபி, சேமிப்பகம் 1 டிபி." அதன் கீழே பெரிய எண்களில் விலை. கடைக்கு வரும் மாணவனின் கண் முதலில் விளக்கொளியில் விழுகிறது. பிறகு விலையில் விழுகிறது. அந்த நான்கு வரிகளை ஊன்றிப் படிப்பவர் குறைவு.

விலை 2,500 ரிங்கிட் எனக் கொள்ளலாம். மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளம் வாங்கும் ஒரு தாய்க்கோ தந்தைக்கோ இந்தக் கணினி ஏறத்தாழ ஒன்றரை மாத உழைப்பு. பள்ளி விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணமாக இருந்தாலும் அதன் மதிப்பு குறையப் போவதில்லை. வசதி உள்ளவர் தவறான கணினியை வாங்கிவிட்டால் அடுத்த ஆண்டு வேறொன்று வாங்கிக்கொள்வார். அளவான பணம் உள்ளவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆதலால், அந்த நான்கு வரிகளை வாசிக்கத் தெரிய வேண்டிய தேவை அவருக்குத்தான் மிகுதி.

வாசிப்பு கடையில் தொடங்குவதில்லை. எந்த விளையாட்டை விளையாடப் போகிறோம் என்ற கேள்வியில் தொடங்குகிறது. நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து இணையத்தில் ஆடும் வெலோரன்ட், டோட்டா 2 போன்றவை எளிய கணினியிலும் ஓடும்படி உருவாக்கப்பட்டவை. பல பேர் விளையாடினால்தான் அவற்றை வெளியிடும் நிறுவனங்களுக்கு வருமானம். அதனால் அவை கணினியிடம் அதிகம் கேட்பதில்லை. பெரிய கதைக்களத்துடன், திறந்த உலகமாக விரியும் விளையாட்டுகள் அப்படியல்ல. ஒவ்வொரு விளையாட்டின் வெளியீட்டாளரும் அதற்குத் தேவையான குறைந்தபட்ச வன்பொருள் என்ன, பரிந்துரைக்கப்படும் வன்பொருள் என்ன என்பதை வெளியிடுகிறார்கள். ஆடப்போகும் மூன்று நான்கு விளையாட்டுகளுக்கு அந்த விவரங்களைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போகிறவரிடம் விற்பனையாளர் பேசும் முறையே மாறிவிடும்.

இனி முதல் வரி. "கோர் ஐ7" என்பது ஒரு குடும்பப் பெயர் மட்டுமே, ஆளைச் சொல்லவில்லை. இன்டெல் நிறுவனம் அந்தப் பெயரில் பல தலைமுறை மையச் செயலகங்களை வெளியிட்டிருக்கிறது. பெயருக்குப் பின்னால் வரும் எண்ணே எந்தத் தலைமுறை என்பதைக் காட்டும். 2011இல் வெளிவந்த ஐ7-2600க்கு நான்கு கருக்கள். 2022இல் வெளிவந்த ஐ3-12100க்கும் நான்கு கருக்கள்தான். ஆயினும், பின்னது முன்னதை எளிதில் முந்திவிடுகிறது. "ஐ3" என்று கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் பதினொரு ஆண்டு மூத்த "ஐ7"ஐ மகிழ்ச்சியோடு வீட்டுக்குச் சுமந்து செல்வதற்கு அந்த விடுபட்ட எண்ணே காரணம். எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தையும் பார்க்க வேண்டும. இன்டெல் செயலகத்தின் பெயர் "எஃப்" என்ற எழுத்தில் முடிந்தால் அதற்குள் வரைகலை வசதி இல்லை என்று பொருள். தனி அட்டை இல்லாமல் திரையில் படம் வராது. இன்டெல் 1972இலேயே பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியது என்பதை இங்கே நினைவுகூரலாம். இந்தச் சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் வேலையில் மலேசியர்களின் கைகள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஈடுபட்டிருக்கின்றன.

மூன்றாவது வரிதான் விளையாட்டுக் கணினியின் உயிர்நாடி. சாதாரண முழு உயர்தெளிவுத் திரையில் குறுக்காக 1,920 புள்ளிகளும் நெடுக்காக 1,080 புள்ளிகளும் உள்ளன. மொத்தம் இருபது இலட்சத்துக்கும் மேல். படம் தடையின்றி நகர வேண்டுமானால் ஒரு வினாடிக்கு அறுபது முறை அத்தனை புள்ளிகளின் நிறத்தையும் கணக்கிட்டு வரைய வேண்டும். அதாவது வினாடிக்குப் பன்னிரண்டு கோடிப் புள்ளிகளுக்கு மேல். 4கே திரையில் புள்ளிகள் நான்கு மடங்கு. இந்த வேலையைச் செய்வது வரைகலை அட்டை. அதனால்தான் விளையாட்டுக்கென வாங்கும் கணினியில் செலவின் பெரும்பங்கு இங்கே போக வேண்டும் என்கிறார்கள். அளவான பணத்தில் 4கே திரையை நாடாமல் இருப்பதும் இதே கணக்கினால்தான்.

ஆனால், விவரத்தாள் "4 ஜிபி" என்று மட்டும் சொல்கிறது. அது அட்டையில் உள்ள நினைவகத்தின் அளவு. அட்டையின் ஆற்றல் அன்று. ஒருவர் வீட்டு அலமாரி எவ்வளவு பெரியது என்று சொன்னால் அவர் எவ்வளவு விரைவாகச் சமைப்பார் என்று தெரியுமா? என்விடியா நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஜிடி 730இல் 4 ஜிபி கொண்ட வகை உண்டு. 2019இல் வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1650இலும் 4 ஜிபிதான். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. தாளில் அவை ஒரே வரியாகத் தெரியும்.

பெயர் தெரிந்தால் போதும் என்றும் நிம்மதி அடைய முடியாது. ஜிடி 1030 என்ற பெயரில் இரண்டு அட்டைகள் விற்பனைக்கு வந்தன. 2017இல் வந்தது ஜிடிடிஆர்5 நினைவகம் உடையது. மறு ஆண்டு வந்தது டிடிஆர்4 நினைவகம் உடையது. இரண்டிலும் 2 ஜிபி. முன்னது வினாடிக்கு 48 ஜிகாபைட் தரவைக் கடத்தும். பின்னது 17 ஜிகாபைட்டைக் கூட எட்டவில்லை. பெட்டியின் முகப்பில் பெயர் ஒன்றே. ஆர்டிஎக்ஸ் 3050இன் கதையும் இதுபோன்றதே. 2022இல் வெளிவந்த 8 ஜிபி அட்டையில் 2,560 கணிப்புக் கருக்கள் இருந்தன. 2024இல் அதே பெயரில் வந்த 6 ஜிபி அட்டையில் 2,304தான். நினைவகத்தின் பாதையும் குறுகிவிட்டது. குறைந்த மின்சாரத்தில் ஓடுவதால் 6 ஜிபி அட்டைக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால், 8 ஜிபி அட்டையின் சோதனை முடிவுகளைக் காணொலியில் பார்த்துவிட்டு 6 ஜிபி அட்டையை அதே விலைக்கு வாங்குவது ஏமாற்றம்தான்.

இந்த அட்டைகளின் விலை ஏன் ஏறி இறங்குகிறது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 2020 முதல் 2022 வரை மின்னிலக்க நாணயம் தோண்டுவோர் வரைகலை அட்டைகளை மொத்தமாக வாங்கிக் குவித்தனர். விளையாட்டுப் பிரியர்களுக்கு அட்டை கிடைப்பதே அரிதாயிற்று. 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் நாணயம் தன் இயங்குமுறையை மாற்றிக்கொண்டதும் அந்தத் தேவை சரிந்தது. இரவு பகலாக ஓடித் தேய்ந்த அட்டைகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லவையும் உண்டு. விசிறி தேய்ந்து, உள்ளிருக்கும் வெப்பக் களிம்பு காய்ந்துபோனவையும் உண்டு. மலிவான விலையில் கிடைக்கும் கணினியின் அட்டை புதியதா பழையதா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இன்று அதே சில்லுகளுக்கு வேறொரு பெரிய வாடிக்கையாளர் வந்திருக்கிறார். அவர் ஜொகூரிலேயே இருக்கிறார். 2023 டிசம்பரில் வொய்டிஎல் நிறுவனமும் என்விடியாவும் இணைந்து கூலாயில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையம் அமைக்கப் போவதாக அறிவித்தன. அதன் மதிப்பு 2,000 கோடி ரிங்கிட், அதாவது 20 பில்லியன். தரவு மையங்களுக்கு வரைகலைச் சில்லுகளோடு ஏராளமான நினைவகமும் தேவைப்படுகிறது. உலகெங்கும் இத்தகைய மையங்கள் பெருகியதால் 2025 இறுதியில் நினைவகத்தின் விலை கிடுகிடுவென ஏறியது. அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கு 'க்ரூசல்' என்ற பெயரில் விற்றுவந்த நினைவகத் தொழிலைக் கைவிடுவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. கூலாய் நெடுஞ்சாலையில் செல்லும்போது தெரியும் அந்தப் பெரிய கட்டடங்களுக்கும் கடையில் ஒரு மாணவன் பார்க்கும் விலைக்கும் தொடர்பு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டாவது வரியாகிய "16 ஜிபி" இந்தச் சூழலில் கவனிக்கத்தக்கது. 16 ஜிபியை ஒரே துண்டாகவும் பொருத்தலாம். 8 ஜிபித் துண்டுகள் இரண்டாகவும் பொருத்தலாம். இரண்டு துண்டுகள் என்றால் தரவு ஒரே நேரத்தில் இரு பாதைகளில் செல்லும். தனி வரைகலை அட்டை இல்லாத கணினியில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ஏனெனில், அங்கே படம் வரைவதற்கும் இதே நினைவகம்தான் பயன்படுகிறது. சேமிப்பகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1 டிபி வன்தட்டைவிட 500 ஜிபி எஸ்.எஸ்.டி. மேல். இயங்குதளம் வன்தட்டில் இருந்தால் மற்றவை எவ்வளவு நல்லவையாக இருந்தும் கணினி நத்தைபோல் நகரும்.

தாளில் உள்ளதை வாசிப்பது ஒரு பாதி. தாளில் இல்லாததைக் கவனிப்பது மறு பாதி, இதுவே கடினமானது. விவரத்தாளில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் பாகம் மின்வழங்கி. கடையில் 'பவர் சப்ளை' என்று கேட்டால்தான் புரியும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் கணினிப் பாகங்களுக்கு ஏற்ற குறைந்த அழுத்த மின்சாரமாக மாற்றித் தருவது இதன் வேலை. விலையைக் குறைக்க நினைக்கும் கடைக்காரர் முதலில் கைவைப்பது இங்கேதான். ஏனென்றால், கண்ணாடி வழியாகப் பார்த்தால் இது தெரிவதில்லை. பெயர் தெரியாத மலிவான மின்வழங்கி சில மாதங்கள் நன்றாகவே வேலை செய்யும். கனமான விளையாட்டு ஓடும்போது கணினி திடீரென அணையத் தொடங்கும். சில வேளை, தான் கெடும்போது மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும். "80 பிளஸ்" என்ற முத்திரை மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றும் திறனுக்கு மட்டுமே சான்று. அதோடு தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் உத்தரவாதக் காலத்தையும் கேட்டறிய வேண்டும்.

மாலை நேரத்தில் இடி மின்னலுடன் மழை கொட்டும் ஜொகூரில் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மின்னழுத்தம் திடீரென உயர்வதைத் தாங்கும் பாதுகாப்பு இணைப்பி ஒன்றுக்கும் அந்த 2,500 ரிங்கிட்டிலேயே இடம் ஒதுக்க வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த அறையில், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியால் மூடிய பெட்டியைவிட வலைத்துளைகள் உள்ள பெட்டியில் காற்றோட்டம் சிறக்கும். ஆறு வண்ண விளக்கு விசிறிகள் அழகுதான். ஆனால், காற்று நுழைய வழியில்லாத பெட்டியில் அவை சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். மின்கட்டணம் கட்டுவது பெற்றோர் என்பதால் ஒரு சிறு கணக்கும் தேவை. 300 வாட் இழுக்கும் கணினியில் நாளுக்கு நான்கு மணி நேரம் விளையாடினால் மாதத்துக்கு 36 யூனிட் மின்சாரம் செலவாகும்.

பணம் இன்னும் குறைவாக இருப்பவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளைப் புதுப்பித்து, சிறிய வரைகலை அட்டை ஒன்றைச் செருகி விற்கிறார்கள். கட்டுக்கோப்பாகத் தயாரிக்கப்பட்டவை என்பதால் இவை நெடுநாள் உழைக்கும். குறையும் உண்டு. இவற்றுள் பலவற்றின் மின்வழங்கியும் தாய்ப்பலகையும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருப்பதால், பின்னாளில் பெரிய அட்டையை மாற்றிப் பொருத்துவது எளிதன்று. வயதையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் செயலகங்களையும் அவற்றுக்குப் பிந்தியவற்றையும்தான் ஏற்கிறது. மேலே சொன்ன ஐ7-2600 இந்த வாசலைத் தாண்டாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினியில் விண்டோஸ் 11ஐ எப்படியோ நிறுவினாலும் வெலோரன்ட் திறக்க மறுத்துவிடும்.

மற்றொரு வழி, தனி அட்டையை இப்போதைக்குத் தவிர்ப்பது. ஏஎம்டி 2021இல் வெளியிட்ட ரைசன் 5 5600ஜி போன்ற செயலகங்களுக்குள்ளேயே ஓரளவு நல்ல வரைகலை வசதி இருக்கிறது. எளிய இணைய விளையாட்டுகளுக்கு அது போதும். பள்ளிப் பாடங்களுக்கும் காணொலித் தொகுப்புக்கும் தாராளமாகப் போதும். நல்ல மின்வழங்கியோடு அப்படியொரு கணினியை வாங்கிவிட்டு, பணம் சேர்ந்தபின் அட்டையைச் செருகுவது, பலவீனமான அட்டையோடு இன்றே எல்லாவற்றையும் வாங்குவதைவிட அறிவான செயல். தவணைமுறை இதற்கு நேர்மாறானது. 2,500 ரிங்கிட் கணினிக்கு மாதம் 129 ரிங்கிட் வீதம் 24 மாதங்கள் கட்டினால் மொத்தம் 3,096 ரிங்கிட். கூடுதலாகப் போகும் 596 ரிங்கிட், திரைக்கும் விசைப்பலகைக்கும் ஆகியிருக்க வேண்டிய பணம். விலைத்தாளில் காட்டும் விலை பெட்டிக்கு மட்டுமா, திரையும் சேர்த்தா என்பதைக் கேட்காமல் வந்து தவிப்பவர்களும் உண்டு.

பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தாமே பொருத்துவது மலிவு என்று சிலர் சொல்வார்கள். பல நேரங்களில் அது உண்மை. ஆனாலும், முதன்முறையாக வாங்கும் மாணவனுக்கு, பொருத்திய கணினியில் ஒரு பெரும் நன்மை இருக்கிறது. எது கெட்டாலும் போய் நிற்க வேண்டிய கடை ஒன்றே. பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேருக்குப் போக ஆசைப்படும் ஜொகூர் மக்கள் எண்ணிப் பார்க்க வேண்டியதும் இதுதான். அங்கே 2024 முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. சுற்றுப்பயணிகளுக்கு அந்த வரியைத் திருப்பித் தரும் திட்டம் வானூர்தி நிலையங்களிலும் பயணக் கப்பல் முனையங்களிலும்தான் உண்டு. தரைவழியாகத் திரும்புவோருக்கு இல்லை. பழுதானால் கணினியைத் தூக்கிக்கொண்டு குடிநுழைவு வரிசையில் மீண்டும் நிற்க வேண்டும்.

ஜொகூரில் வாங்குபவருக்குச் சட்டத்தின் துணையும் பக்கத்திலேயே இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வணிகர் விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். அவர் தந்த விவரத்துக்கும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முறையிடலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மூன்று ஆண்டுகளுக்குள் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை, இரு தரப்பும் தாமே பேச வேண்டும். வணிகர் அல்லாத ஒரு தனியாரிடம் பழைய கணினியை வாங்கியவருக்கு இந்தக் கதவு திறக்காது என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

மன்றத்தில் பேசப்போவது சான்று. "கேமிங் பிசி, ஒரு தொகுப்பு" என்று மட்டும் எழுதிய பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு, உள்ளே இருக்க வேண்டிய அட்டை எது என்று யாராலும் நிறுவ முடியாது. ஆகவே, செயலகம், அட்டை, நினைவகத் துண்டுகள், எஸ்.எஸ்.டி., தாய்ப்பலகை, மின்வழங்கி ஆகியவற்றின் முழுப் பெயரும் எண்ணும் உத்தரவாதக் காலமும் பற்றுச்சீட்டில் இடம்பெறச் சொல்ல வேண்டும். நல்ல கடைக்காரர் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. பணம் கட்டுமுன் கணினியை அங்கேயே இயக்கி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் விண்டோஸின் பணி மேலாளர் திறக்கும். அதன் செயல்திறன் பக்கத்தில் செயலகத்தின் பெயரும், எத்தனை நினைவகத் துண்டுகள் செருகப்பட்டுள்ளன என்பதும், அட்டையின் பெயரும் தெரியும். பழைய அட்டையின் பெயரை மாற்றி விற்கும் மோசடியும் நடப்பதால் 'ஜிபியு-ஸி' என்ற இலவச மென்பொருளையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நலம். போலியெனக் கண்டறிந்த அட்டையின் பெயருக்கு முன்னால் 'போலி' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அது போட்டுக் காட்டும். திரையில் தெரிவதும் பற்றுச்சீட்டில் எழுதியிருப்பதும் வரிக்கு வரி ஒத்துப்போன பிறகு பணப்பையைத் திறக்கலாம்.